அடைவைத்த களி

ஸ்டவ்விலேயே களி கிண்டிவிட்டால் என்ன என்ற எண்ணம் வந்தபோது என் கையில் துடுப்பு இருந்தது. அந்த வருஷம் மட்டும் தீபாவளிக்குக் கம்பெனியில் சேர்ந்தாற்போல லீவு விட்டிருந்தார்கள். வேதக்கார வீடான எங்களுக்கு அது பண்டிகை இல்லை. ஆனாலும் லீவு லீவுதானே, என் கணவர் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். களியைப் பிட்டுக் கொள்ளுக் கடைசலில் தோய்த்து விழுங்கிக்கொண்டே, நான் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். கல்யாணமான நாளாகக் கேட்டுக்கேட்டு என் முகத்திலேயே அந்தக் கேள்வி எழுதி ஒட்டியிருந்தது போலிருக்கிறது.

“ரூம்ல வெறகு அடுப்பே கூடாதுன்னு ஓனரு கண்டிசனா சொல்லிட்டான். சொவரு கறுத்துப் போயிருமாம். ஸ்டவ்வு வேணா வெச்சுக்கலாமாம். ஸ்டவ்வுல களி கிண்ட முடியுமா, நீயே சொல்லு. சோறுன்னா மெஸ்ஸுலயே திங்கறன். களிகூட ஆக்க முடியாத ரூமுக்கு உன்னயக் கூட்டிட்டுப் போயி என்னா பண்றது?”

“அதுக்குத்தானுங்களா?”

“பின்ன எதுக்கு?”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதுவரை அவர் சொன்ன காரணங்களுக்கெல்லாம் உருவமே கிடையாது. ‘பாக்கலாம்’ என்பார். ‘நேரம் வரட்டும்’ என்பார். காற்றோடு எப்படி மல்லுக்கட்டுவது? இது அப்படியில்லை. கையில் பிடித்துத் திருப்பிப் பார்க்கக்கூடிய காரணம். துடுப்பில் காய்ந்து ஒட்டியிருந்த களியை நகத்தால் சுரண்டிக்கொண்டே கிணற்றடியில் உட்கார்ந்து யோசித்தேன். ஸ்டவ்வில் களி கிண்டிக் காட்டிவிட்டால் அவருக்குச் சொல்ல வேறு எதுவும் மிஞ்சாது. நானும் பாப்பாவும் பஸ் ஏற வேண்டியதுதான்.

என் அப்பா பாப்பிரெட்டிப்பட்டியில் பள்ளிக்கூட வாத்தியார். என்னைக் கன்னியாஸ்திரீகளின் ஹாஸ்டலில் சேர்த்து எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்கவைத்துவிட்டு, கடத்தூருக்குப் பக்கத்தில் மானாவாரிக் காடு வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை பெங்களூரில் லேத் வேலை பார்க்கிறார், பெண் பட்டணத்தில் குடித்தனம் பண்ணுவாள் என்பது அவருடைய கணக்கு. பெண் குடித்தனம் பண்ணியது மாமியாரோடும் ஓரகத்தியோடும் இரண்டு எருமைகளோடும். இந்த வீட்டில் தினமும் களி. நெல்லுச்சோறு என்றால் கிறிஸ்மஸ், பாஸ்கா என்று நாங்கள் சொல்லும் ஈஸ்டர், ஆகஸ்டில் மாதா திருநாள். என் கணவரும் அப்படித்தான், நெல்லுச்சோறு வரும் நாளில் அவரும் வருவார். அரிசிப்பானை ஏறினால் அப்பா வருகிறார் என்று என் மகள் தெரிந்துவைத்திருந்தாள். ஆனால் அப்பா என்று கூப்பிடமாட்டாள். அவளுக்கு அவர் ‘பஸ்ஸு மாமா’. அதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

ஸ்டவ் வீட்டிலேயே இருந்தது. அப்பா சீராகக் கொடுத்த பித்தளைப் பம்ப் ஸ்டவ். கோணியில் சுற்றிப் பரணில் போட்டுவைத்திருந்தார்கள். அது வெடிக்கிற சாமான் என்பது என் மாமியாரின் உறுதியான எண்ணம்.

அவர் பெங்களூர் பஸ் ஏறிய மறுநாளே அதைக் கீழே இறக்கினேன். புளி போட்டுத் தேய்த்தேன், ஊசியால் குத்தி அடைப்பு எடுத்தேன், மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் காற்றுப் படாத இடத்தில் வைத்துப் பற்றவைத்தேன். அது ‘உஸ்’ஸென்று இரைந்ததும் எருமைகள் இரண்டும் கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றன. மாமியார் வாசலிலிருந்தே கத்தினார்.

“ஏ மகராசி! கொட்டாயக் கொளுத்திப்புடாத! எருமயாச்சும் உசுரோட இருக்கட்டும்!”

“ஒண்ணும் ஆவாதுங்க அத்த.”

“படிச்சவ சொல்றா, ஆவாதாம். கயித்த அவுத்து உடுடி மொதல்ல,” என்று ஓரகத்தியை விரட்டினார்.

களி கிண்டுவதில் எனக்குப் பயமில்லை. வந்த புதிதில் கட்டி கட்டியாகக் கிண்டி எல்லோர் வாயிலும் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டாயிற்று. நொய்யைக் கொதிக்கவிட்டு, கேழ்வரகு மாவை மேலே குவித்துக் கொட்டி, நடுவில் துடுப்பால் ஒரு ஓட்டை போட்டு வேகவிட வேண்டும். பிறகு குண்டாவைக் கீழே இறக்கி, இரண்டு பாதங்களாலும் கோணித்துணியோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டு கிண்ட வேண்டும். ஸ்டவ்விலும் இதில் ஒரு மாற்றமும் இல்லை. அன்றைக்கு நான் கிண்டிய களி பார்க்க அழகாகத்தான் இருந்தது, பளபளவென்று, கட்டியே இல்லாமல். உருண்டையைப் பிட்டுப் பார்த்தேன். உள்ளே பச்சை மாவு. வாயில் போட்டால் மண் மாதிரி நறநறத்தது.

மறுபடியும் கிண்டினேன். தீயைக் கூட்டினால் அடி தீய்ந்தது, மேலே பச்சை. குறைத்தால் மொத்தமும் பச்சை. வீணான களியை எருமைக்கு வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. “அதுக்குத் தெரியுது,” என்றார் மாமியார்.

என்ன குறை என்று பிடிபடவே வெகுநாள் ஆனது. வீட்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஓரகத்தி கிண்டுவதை முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தேன். அவள் கிண்டி முடித்ததும் குண்டாவை மறுபடியும் அடுப்பில் ஏற்றி, எரிகிற விறகை வெளியே இழுத்துப்போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். போய்த் தண்ணீர் சேந்தினாள், மாட்டுக்குத் தவிடு கலக்கினாள். அவள் திரும்பி வரும்வரை குண்டா சும்மா தணல்மேல் உட்கார்ந்திருந்தது. களி வேகிறதே அப்போதுதான்! தினமும் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், ஆனால் அதையும் சமையலில் சேர்த்தி என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஸ்டவ்வில் தணல் ஏது? எரிந்தால் எரியும், அணைத்தால் செத்துப்போகும்.

இதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில், இதற்கு என்ன வழி என்று யோசிப்பதற்குள் கிறிஸ்மஸ் வந்துவிட்டது.

நான் பொறுத்திருக்கலாம். பொறுக்க முடியவில்லை. தீயை இருக்கிறதிலேயே சின்னதாக்கி, குண்டாவுக்கு அடியில் ஒரு தோசைக்கல்லைப் போட்டால் தணல் மாதிரி நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. பூசை முடிந்து வந்ததும் ஓரகத்தி அடுப்பில் சோறும் கோழிக்குழம்பும் ஆக்கினாள். நான் புதுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் ஸ்டவ்வை வைத்து எல்லோர் முன்னாலும் களி கிண்டினேன். அவர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்து நான் அறிந்ததில்லை.

இலையில் உருண்டையை வைத்தேன். பிட்டார். நடுவில் வெள்ளையாக ஒரு வளையம். அதிலிருந்து உலர்ந்த மாவு இலையில் கொட்டியது.

“பாத்தியா,” என்றார். சிரித்தார். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. குழம்பை அதன்மேல் நிறைய ஊற்றிக் குழைத்து, பச்சையென்றும் பாராமல் பாதியைத் தின்றும் விட்டார். “நாந்தான் சொன்னனே, ஸ்டவ்வுல ஆவாதுன்னு. சோத்தப் போடு.”

எனக்கு அந்தச் சிரிப்புதான் ஒரு மாதிரி இருந்தது. ஜெயித்தவனின் சிரிப்பும் இல்லை அது. தலைச்சுமையை இறக்கிவைத்தவன் விடுகிற மூச்சு மாதிரி இருந்தது. அதைப் பற்றி அன்றைக்கு மேற்கொண்டு யோசிக்காமல் சோற்றைப் போட்டேன்.

ஓரகத்தி பாத்திரம் விளக்கும்போது மெல்லக் கேட்டாள். அவளுடைய அண்ணன் ஓசூர்ப் பக்கம் லாரியில் கிளீனராக இருந்தவன்.

“ஏம்மா, பெங்களூர்ல முத்தே, முத்தேன்னு ஓட்டலுக்கு ஓட்டலு களிதான் போடறாங்களாமே? எங்கண்ணன் தின்னுட்டு வந்து கதகதயா சொல்லுவான். உன் வூட்டுக்காரருக்கு மட்டும் எப்பிடி கெடைக்காம போச்சு?”

“அது அவருக்குப் புடிக்காதுக்கா. அங்க நொய்யி போடறதில்லயாம்,” என்றேன்.

அவர் அப்படிச் சொன்னதே இல்லை. கேள்வி வந்த வேகத்திலேயே பதிலும் என் வாயில் வந்துவிட்டது. ஓரகத்தி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, சாம்பலை அள்ளிக் குண்டாவைத் தேய்த்தாள்.

பாஸ்காவுக்கு முந்தின தவசு காலம் பிறந்தது. கறி கிடையாது, வெள்ளிக்கிழமை ஒருவேளைச் சாப்பாடு, மாலையில் கோயிலில் சிலுவைப்பாதை. வெயில் ஏறிக் கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் அடையிலிருந்த கோழி முட்டையை உருட்டித் தள்ளிவிட்டதா என்று பார்க்கக் கூடைக்குள் கையை விட்டேன். அப்பா! என்ன சூடு! ஒரு கோழியின் உடம்பும் வைக்கோலாய்க் காய்ந்த கொஞ்சம் கேழ்வரகுத் தாளும். வேறு நெருப்பு ஏது அங்கே? கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். கோழி மணிக்கட்டில் கொத்தியது. கொத்தட்டும்.

வேறொரு பழைய கூடையை எடுத்து, தாளைக் கசக்கி அடியிலும் பக்கத்திலும் திணித்தேன். ஸ்டவ்வில் கொதிக்கவைத்துக் கிண்டிய களியைக் குண்டாவோடு அதற்குள் இறக்கி, மேலே தாள், அதன்மேல் மடித்த கோணி, அதன்மேல் பாப்பாவின் பழைய கம்பளி. ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம் அப்படியே விட்டேன். மாமியார் அந்தப் பக்கம் வந்தார்.

“என்னாடி அது மூட்ட?”

“களிங்க அத்த. உள்ள வேவுது.”

“களிய அடவெச்சிருக்கியா?” இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஓரகத்தியைக் கூப்பிட்டார். “ஏ புள்ள, இங்க வா, வந்து பாரு! இவ களிய அடவெச்சிருக்கா! எத்தன குஞ்சு பொரிக்குமாம்?”

“பெங்களூர்க் குஞ்சுங்க அத்த, இங்கிலீசு பேசும்,” என்றாள் ஓரகத்தி.

நானும் சிரித்தேன். பிரித்துப் பார்த்தபோது களி வெந்திருந்தது. நடுவரைக்கும், ஒரு பொட்டு வெள்ளை இல்லாமல். விரலில் தொட்டால் ஒட்டவில்லை. நான் போட்ட கூச்சலில் பாப்பா அழ ஆரம்பித்துவிட்டாள்.

குருத்தோலை ஞாயிறுவரை அதையே செய்து செய்து கை பழக்கினேன். மண்ணெண்ணெய் கிடைப்பதே பாடாக இருந்தது. விளக்கைச் சீக்கிரம் அணைத்து அதில் மிச்சம் பிடித்தேன். முருங்கைக்கீரையோடு தினமும் என் ஸ்டவ் களியையே வீட்டார் தின்றார்கள். எவரும் வித்தியாசம் சொல்லவில்லை. இங்கே அதற்குமேல் ஒரு பாராட்டு கிடையாது.

பாஸ்காவன்று அவர் இலையில் உருண்டையை வைத்துவிட்டு நான் தள்ளி நின்றுகொண்டேன். பக்கத்தில் ஆட்டுக்கறிக் குழம்பு. பிட்டார். உள்ளே பார்த்தார். இன்னும் கொஞ்சம் பிட்டார். பிறகு முழுவதையும் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார்.

“ஆரு கிண்டுனது?”

“நாந்தாங்க. ஸ்டவ்வுல.”

“ஸ்டவ்வுல!” என்றார் மாமியார் என்னை முந்திக்கொண்டு, ஏதோ ஸ்டவ்வைத் தானே பெற்றெடுத்தது போல. “நல்லாத்தான் கிண்டறா. வாய்க்கு வெளங்குது.”

கை கழுவச் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

“இப்ப கூட்டிட்டுப் போவலாமில்லீங்களா?”

அவர் துண்டைத் தேடினார். “அங்க தண்ணிக் கஷ்டம். விடியக்காலம் பைப்புல வரிசைல நிக்கோணும்.”

“நின்னுக்கறங்க.”

“பாப்பாவுக்குக் குளிரு ஆவாது.”

“ஸ்வெட்டரு பின்னிட்டேங்க.” பின்னியிருந்தேன், கன்னியாஸ்திரீ மடத்தில் படித்த பின்னல்.

“ஆத்தாவ ஆரு பாக்கறது?”

“என்னய ஒருத்தரும் பாக்க வேணாம்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “நான் என்னா தொட்டிலுலயா கெடக்கறன்?”

அவர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பகலில், எல்லோரும் பார்க்க, அப்படிச் சொன்னதே இல்லை. பாப்பா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பஸ்ஸு மாமாவை எட்டிப் பார்த்தாள்.

“நீ ஒண்ணு புரிஞ்சுக்கோணும்,” என்றார் தாழ்ந்த குரலில். “நாள் பூரா மெசினு சத்தத்துல நிக்கறன். காது அடச்சுப் போவுது. அப்பல்லாம் நான் என்னா நெனக்கறன் தெரியுமா? இந்தா பாஸ்கா வருது, ஊருக்குப் போவோம், நீ எலயப் போட்டு உக்கார வெப்ப. அத நெனச்சுக்கிட்டுத்தான் நிக்கறன். நீயும் வந்து அந்த ரூமுக்குள்ள உக்காந்துகிட்டீன்னா எனக்கு ஊருன்னு என்னா இருக்குது? நான் எங்க வர்றது?”

அவர் பொய் சொல்லவில்லை. கண்கூடக் கலங்கியிருந்தது. அத்தனை நாளும் சொன்ன காரணங்களில் இது ஒன்றுதான் நிஜம் என்று உடனே தெரிந்தது. அடித்திருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். வேறொருத்தி இருக்கிறாள் என்றிருந்தால் அழுது ஊரைக் கூட்டியிருப்பேன். இதற்கு என்ன சொல்வது? நான் அவருக்குப் பெண்டாட்டி இல்லை, பண்டிகை. வருஷத்துக்கு மூன்றுமுறை வரும், இலை போடும், வயிறு நிறைக்கும். மற்ற நாட்களில் பண்டிகை எங்கே இருக்கிறது, என்ன தின்கிறது என்று யார் கேட்கப்போகிறார்கள்?

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார். நான் எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். பழக்கம்தான், வேறொன்றுமில்லை. வழிக்குக் களி கிண்டி, கூடையில் இறக்கி, மூடிவைத்தேன்.

“இது எவ்வளவு நேரம் சூடா இருக்கும்?” என்று கேட்டார்.

“மத்தியானம் வரைக்கும் இருக்குங்க.”

“அப்பிடியே குடுத்துடு. கூடயோட. ரூமுக்குப் போயி சாப்புட்டுக்கறன்.”

கொடுத்தேன். தாளும் கோணியும் பாப்பாவின் கம்பளியும் சுற்றிய கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். என் மகளைக்கூட அவர் அவ்வளவு பத்திரமாக மடியில் வைத்து நான் பார்த்ததில்லை. பஸ் திரும்பியது. நான் அவரோடு போவதற்கென்று கண்டுபிடித்த வழி என்னை இங்கேயே விட்டுவிட்டு அவரோடு போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஸ்டவ் பரணுக்குப் போயிற்று. அடுப்பில் கிண்டினேன், கட்டி தட்டியது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஒரே வரியில் கண் நின்றது. எனக்கு இருபத்திரண்டு வயது. கிறிஸ்மஸ், பாஸ்கா, மாதா திருநாள் என்று மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஆயுசு முழுக்க இதே மூன்றுதானா என்று நினைக்கும்போது கேழ்வரகு புடைக்கிற முறத்தோடு அப்படியே உட்கார்ந்துவிடுவேன். பாப்பா வந்து தோளைத் தட்டி, “எந்திரி, எந்திரி,” என்பாள்.

போன வாரம் மாமியார் கொட்டகையிலிருந்து கூப்பிட்டார்.

“செவலக் கோழி அடைக்கு வந்துருச்சு. பெரிய கூடயில மூத்தது படுத்துக் கெடக்குது. அந்தப் பழய கூட எங்க?”

“அவரு எடுத்துக்கிட்டுப் போயிட்டாருங்க.”

“கூடயவா?”

“களியோடங்க.”

கோழி மாமியார் காலடியில் கொக்கரித்துக்கொண்டே வட்டமடித்தது. அப்போது, யோசித்துச் சொன்னேன் என்று சொல்லமுடியாது, வாயில் தானாக வந்தது:

“நான் போயி எடுத்துட்டு வந்துடறங்க அத்த.”

“பெங்களூருக்கா? ஒரு கூடைக்கா?”

“நல்ல கூடைங்க அது.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கோழியைத் தூக்கிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, “போறதுதான் போற, அந்தப் பித்தளச் சனியனயும் எடுத்துக்கிட்டுப் போ,” என்றார். “பரணுல கெடந்து என்னிக்காச்சும் என் தலயில உழப் போவுது.”

கிருஷ்ணகிரியைத் தாண்டி நான் போனதில்லை. மாவு மில்லுக்கு எதிர்ச் சந்து, பச்சைக் கதவு என்று அவர் எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது மட்டும்தான் எனக்குத் தெரிந்த விலாசம். கதவைத் திறந்ததும் அவர் முகம் என்னவாகும் என்று தெரியவில்லை. கூடையைக் கையில் கொடுத்து அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிவிடவும் கூடும். அனுப்புவார் என்றுதான் தோன்றுகிறது.

இருந்தாலும் சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு நானும் பாப்பாவும் போகிறோம். ஸ்டவ்வில் இருந்த எண்ணெயை விளக்குக்கு ஊற்றியாயிற்று, கண்டக்டர் ஏறவிட வேண்டுமே. அங்கே இறங்கியதும் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்வேன். மாவு ஒரு பையில், நொய் ஒரு முடிச்சில், துடுப்பைக் குட்டையாக அறுத்து வைத்திருக்கிறேன். உள்ளே விட்டாரென்றால் முதலில் ஸ்டவ்வைப் பற்றவைத்துவிடுவேன். கிண்டி அந்தக் கூடையிலேயே இறக்கி மூடிவிட்டால், ஒரு ஜெபமாலை நேரத்துக்கு எங்களைப் போகச் சொல்ல முடியாது. அன்று பண்டிகை எதுவும் இல்லை. சும்மா ஒரு சனிக்கிழமை. அப்படிப்பட்ட நாளில் அவர் என் கையால் சாப்பிட்டு எழுந்திருப்பாரா என்று பார்க்க வேண்டும்.